கனடாக்காரிக்காக எடுத்த சாமத்தியவீடு

மெல்பேர்னின் ரோவில் பகுதியில் மிருணாளினியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கோயிலில், மரக்கறிக் கடையில், பிறந்தநாள் வீடுகளில் எல்லாம் அவள் வெறும் 'கனடா'. "கனடா வந்திட்டாவோ?" "கனடா கட்டியிருக்கிற சீலையைப் பாத்தனியே?" கபிலனைக் கட்டிக்கொண்டு மெல்பேர்னுக்கு வந்து பதினைந்து வருடமாகிறது. அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டாள். ஆனாலும் சனத்துக்கு அவள் நேற்றுத்தான் ரொறன்ரோ விமானத்தில் வந்து இறங்கியவள்.

கனடாத் தமிழரைப் பற்றிச் சனம் எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது. கனடாக்காரர் என்றால் கழுத்து நிறையச் சங்கிலி. பிள்ளை பெரியவளானதற்கு எடுக்கும் சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர். வீட்டை அடகு வைத்தாவது படம் காட்டுவார்கள். அடுத்தவன் வீட்டுச் சடங்குக்கு வந்தால் சோற்றைப் பார்க்கமாட்டார்கள், மண்டபத்தின் அலங்காரத்தைத்தான் பார்ப்பார்கள். வெள்ளைக்காரரின் தீர்ப்பு நேரெதிர். அவர்களுக்குக் கனடாக்காரர் பரம சாதுக்கள். காலை மிதித்தவனிடம் தாங்களே மன்னிப்புக் கேட்பார்களாம், இல்லை என்ற சொல்லே வாயில் வராதாம். மிருணாளினி வேலை செய்யும் கார்ப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி, இணையத்தளத்தில் அவளுடைய படத்துக்குக் கீழே 'எங்கள் கனடியப் பயிற்றுநர், பொறுமைக்கு உத்தரவாதம்' என்று எழுதியிருக்கிறான். அதை நம்பி, மற்றப் பள்ளிகள் கைகழுவிய பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து அவளுடைய காரில் ஏற்றுவார்கள்.

உள்ளதைச் சொன்னால் மிருணாளினி நல்ல கோபக்காரி. அது இந்த இரண்டு தீர்ப்புக்குள்ளும் அடங்காத விஷயம் என்பதால் யாருடைய கண்ணிலும் படவில்லை.

ஆறு வயதில் கோப்பாயிலிருந்து ஸ்காபறோவுக்குப் போனவள் அவள். பதினோராம் மாடியில் இரண்டு அறை வீடு, அதற்குள் ஏழு பேர். அப்பா பாண் சுடும் பேக்கரித் தொழிற்சாலையில் நின்றார். அம்மா இரவில் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கப் போனாள். மிருணாளினி பெரியவளானபோது ஹெலிகொப்டர் வரவில்லை. அம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் கொடுத்து, குளியலறையில் வைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு, வேலைக்கு பஸ் பிடிக்க ஓடினாள். இதை மிருணாளினி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். "சும்மா சொல்லாதேங்கோ" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகள் ராகவிக்குப் பன்னிரண்டு வயது. போன யூலையில் ஒரு சனிக்கிழமை, நெற்போல் விளையாடிவிட்டுக் காரில் வந்து ஏறியவள் கதவைச் சாத்தினாள். பிறகு முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா, ப்ளீஸ், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அப்பாவுக்கு மட்டும் ஓகே. மாமிக்கு நோ. பார்ட்டி, போட்டோ, ஒண்டும் வேண்டாம். ப்ராமிஸ்?"

"சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றாள் மிருணாளினி. மகளின் விளையாட்டுச் சட்டைக்கு மேலே தன்னுடைய குளிர்ச்சட்டையைப் போட்டுவிட்டு, வழியில் கடையில் நிறுத்தி வேண்டியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரவு கபிலனுக்குச் சொன்னாள். வேறு ஒருவருக்கும் வாய் விடக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கபிலன் நல்லவன்தான். ஆனால் தமக்கை பவளத்திடம், ராகவி சொன்ன அந்த மாமியிடம், ஒன்றை மறைத்து வைக்க அவனால் முடியாது. அடுத்த நாளே தொலைபேசியில் கொட்டிவிட்டான்.

மிருணாளினிக்கு விஷயம் தெரியவந்தது டண்டினோங்கில், சீலைக் கடையில். கடைக்காரி வாயெல்லாம் பல்லாக வந்து கையைப் பிடித்தாள். "வாழ்த்துக்கள் மிஸிஸ் கபிலன். பெரிய மண்டபமாம், குதிரை வண்டிலாமே! கனடாக்காரர் எண்டால் சும்மாவே? பவளம் அக்கா நேற்றுத்தான் வந்து ஓடர் குடுத்திட்டுப் போனவ."

வாங்கிய பிளவுஸ் துணியை அங்கேயே வைத்துவிட்டு, மிருணாளினி நேரே பவளத்தின் வீட்டுக்குக் காரை விட்டாள். பவளம் குசினியில் நின்று பயத்தம் பணியாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள். சடங்குக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"மச்சாள், என்னைக் கேக்காமல் என்னத்துக்கு மண்டபம் எடுத்தனீங்கள்?"

"கேட்டால் நீ வேண்டாம் எண்டுதானே சொல்லுவாய்."

"ஓம். வேண்டாம்."

"பாத்தியே!" பவளம் அரிதட்டைக் கீழே வைத்தாள். "வாயால வேண்டாம் எண்டுவியள். பிறகு ரொறன்ரோ முழுக்கப் போன் அடிச்சு, அவுஸ்திரேலியாவில எங்கட பிள்ளைக்கு ஒரு கோப்பித் தண்ணியோட முடிச்சுப்போட்டினம் எண்டு கதை சொல்லுவியள். கனடாச் சனத்தை எனக்குத் தெரியாதே?"

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"நீ சொல்லேல்லை. உங்கட ஆக்கள் அப்பிடித்தான். உனக்காகத்தான் பிள்ளை இவ்வளவும். எனக்கென்ன, நான் வீட்டு வளவுக்குள்ள நாலு பேரோட தண்ணி வாத்துட்டு இருந்திடுவன்."

மிருணாளினி வாசல் பக்கம் திரும்பினாள். வேண்டும் என்றாலும் கனடா, வேண்டாம் என்றாலும் கனடா. இப்படிப் பேசுகிறவர்களோடு எதைப் பேசி வெல்வது? அதோடு இன்னொன்றும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பவளத்துக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளைகள். வருடக்கணக்காக ஸ்காபறோச் சாமத்தியவீட்டு வீடியோக்களை யூரியூப்பில் பார்த்து, எந்த மண்டபத்தில் எந்தக் கதிரை என்பது வரை மனப்பாடம் செய்து வைத்திருப்பவள் அவள்தான். குதிரையில் ஆசை பவளத்துக்கு, பழி மட்டும் கனடாவுக்கு.

வீட்டுக்கு வந்து கபிலனைப் பிடித்து உலுப்பினாள். அவன் மென்று விழுங்கினான். "கார்ட் குடுத்து முடிஞ்சுது மிருணா. அக்காவும் பாவம். ஒரு நாள்தானே. நீயும் கனடாவில இதெல்லாம் பாத்து வளந்தனிதானே?"

அந்தக் குளியலறைக் கதையைக் கல்யாணமான புதிதிலேயே அவனுக்குத்தான் முதலில் சொல்லியிருந்தாள். கேட்டு அவன் கண் கலங்கியும் இருக்கிறான். அவனே இப்படிக் கேட்டபோது அவளுக்கு அடிக்கவேண்டும் போல் வந்தது.

எல்லாவற்றையும் விடக் கேடு, ராகவி அறிந்த விதம். மச்சான்மாரின் வட்சப் குழுவில் யாரோ அழைப்பிதழைப் போட்டுவிட்டார்கள். பூமாலைக்கு நடுவே ராகவியின் படம், கீழே 'பூப்புனித நீராட்டு விழா'. அவளுடைய வகுப்பில் படிக்கும் இரண்டு தமிழ்ப் பொடியன்களும் அதைப் பார்த்திருந்தார்கள். ராகவி தாயின் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"யூ ப்ராமிஸ்ட்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

அப்பாதான் சொன்னவர் என்று மிருணாளினி தப்பியிருக்கலாம். அவளுக்கு அதற்கு மனம் வரவில்லை, சத்தியம் செய்தது அவள். அன்றிலிருந்து ராகவி சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கேட்டதற்கு 'யா', 'நோ' என்பதற்கு மேல் பதில் வரவில்லை. வயிறு நோகுதா என்று ஒரு நாள் கேட்டதற்கு, "வை? மாமிக்குப் போய்ச் சொல்லுறதுக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வி மிருணாளினியின் நெஞ்சில் தைத்தது. பிள்ளை இனித் தன் உடம்பைப் பற்றித் தனக்கு ஒன்றும் சொல்லமாட்டாளோ என்ற பயம் பிடித்தது. பதினாறு வயதில், இருபது வயதில் சொல்லவேண்டியவை எத்தனையோ வரும். அவற்றை எல்லாம் ஒரு குதிரை வண்டிலுக்காக இழப்பதா?

சடங்கு வாரத்தில் பவளத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். "சனிக்கிழமை ராகவி வரமாட்டாள் மச்சாள். அவளுக்கு அண்டைக்கு நெற்போல் மட்ச். இப்பவே சொல்லிப்போட்டன்."

பவளம் சிரித்தாள். "கனடாக்காரர் முதல் கொஞ்சம் பிகு பண்ணுறவைதான். வந்திடுவியள்."

சனிக்கிழமை வந்தது. விளையாட்டு மைதானத்தில் ராகவியை இறக்கிவிட்டு, கபிலனின் முன்னால் கையை நீட்டினாள் மிருணாளினி. "போனைத் தாங்கோ. மட்ச் முடியுமட்டும் நீங்கள் இந்த இடத்தை விட்டு அசையக்கூடாது." கபிலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கொடுத்தான்.

காலையில் ஒரு பாடம் இருந்ததால் பள்ளியின் பெயர் போட்ட ரீசேர்ட்டோடுதான் இருந்தாள். கூரையில் மஞ்சள் பலகை வைத்த பயிற்சிக் காரிலேயே டண்டினோங் மண்டபத்துக்குப் போய் இறங்கினாள். வாசலில் ஆலாத்தித் தட்டுகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாதஸ்வரம், தவில், வீடியோக்காரர், முன்னால் பவளம். வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டில் ஒன்று கார்கள் நடுவே காத்து நின்றது.

"பிள்ளை எங்க?" என்று பவளம் ஓடி வந்தாள்.

மிருணாளினி பதில் சொல்லாமல் வண்டிலில் ஏறி உட்கார்ந்தாள். தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வண்டிலை ஓட்டினாள். ஏறுகிறவரைக் கொண்டுபோய் வாசலில் விடவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றைச் சுண்டினாள். வண்டில் அசைந்ததும் பழக்கதோஷத்தில் தவில்காரர் தவிலைத் தட்டத் தொடங்கினார். மிருணாளினி வாசலில் இறங்கி, சனத்துக்கு நடுவே நடந்து, மேடையில் போட்டிருந்த மயில் கதிரையில் ஏறி இருந்தாள். அறிவிப்பாளரின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மண்டபம், குதிரை, மயில் எல்லாம் கனடாக்காரிக்காக எடுத்தது எண்டு மச்சாள் உங்களுக்குச் சொல்லியிருப்பா. நான்தான் அந்தக் கனடாக்காரி. வந்திட்டன். ராகவி இதைக் கேக்கேல்லை. தன்ர உடம்பில நடந்ததை வெளியில சொல்ல வேண்டாம் எண்டுதான் அவள் கேட்டவள். அதை நாங்கள் கார்ட் அடிச்சு நானூறு பேருக்குச் சொல்லியிருக்கிறம். அவள் வரமாட்டாள். ஆலாத்தி எடுக்கிறவை என்னட்ட வாங்கோ. எனக்கு நாப்பத்தொரு வயசு, கொஞ்சம் பிந்திப்போச்சு. பரவாயில்லை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பவளம் மேடைக்கு ஏறி வந்தாள்.

"எங்கட மானத்தை வாங்கிப்போட்டியேடி!"

"பிள்ளையின்ர மானத்தை நீங்கள் முதல் வாங்கினீங்கள் மச்சாள்."

யாரும் ஆலாத்தி எடுக்கவில்லை. கடைசியில் சாப்பாட்டைத் திறந்துவிட்டார்கள், வந்தவர்கள் சாப்பிட்டார்கள். மிருணாளினி பந்தி முடியும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அன்றிரவே வீடியோ ஊரெல்லாம் சுற்றத் தொடங்கியது. ரோவிலில் இருந்து சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில் வரை ஒரே பேச்சு: "கனடாக்காரியின்ர ஷோவைப் பாத்தியளே! பிள்ளைக்கு எடுத்த குதிரையில தான் ஏறி வந்து, பிள்ளையின்ர கதிரையில தான் இருந்தவளாம். கனடாக்காரர் எண்டால் இப்பிடித்தான்." மிருணாளினி அதை எல்லாம் வட்சப்பில் வாசித்துவிட்டுப் போனை சோபாவில் எறிந்தாள். என்ன செய்தாலும் அதையும் கனடாவின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்களே என்று பல்லைக் கடித்தாள். பவளம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கபிலன் வீட்டுக்குள் காலடி கேட்காமல் நடந்தான். ராகவியும் வீடியோவைப் பார்த்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மிருணாளினி காரைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினாள். ராகவி ஏறி, பையைக் காலடியில் போட்டாள். கார் பிரதான வீதிக்கு வந்தது.

"அம்மா, வயிறு நோகுது. திரும்ப வந்திட்டுது" என்றாள் ராகவி. "அப்பாவுக்குக்கூடச் சொல்லாதே."

"சொல்லமாட்டன்" என்றாள் மிருணாளினி. மகள் அதற்குமேல் சத்தியம் கேட்கவில்லை.