வலிக்கலன்னு சொன்னாள் வசந்தி

ஆம்பூரிலிருந்து ராஜேந்திரனின் போன் வந்தபோது நான் ஒரு பேஷண்டை மேசையில் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்து ஓய்ந்தது. சிகிச்சை முடிந்து, அவரை இறக்கி வீல்சேரில் உட்கார வைத்த பிறகு நானே திரும்பக் கூப்பிட்டேன். “வசந்தி போய்டுச்சுக்கா” என்றார் அவள் கணவர். “சரி” என்றேன். சரியாம்! அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டேன்.

வேலூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுச் சிகிச்சை அறையில் அவளும் நானும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஆஸ்பத்திரிப் பத்திரிகையில் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். அவர், இவர் என்று எழுதினால், “இன்னாடி திடீர்னு மரியாதை?” என்பாள். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

கதிர் விழ வேண்டிய இடத்தில் விழ, பேஷண்ட் அசையாமல் இருக்க வேண்டும். மேசையோ வெறும் பலகை. “படுக்க வெக்கிறது யார் வேணா செய்லாம். படுத்திருக்க வெக்கணும், அதாண்டி வேலை” என்பாள் வசந்தி. ஷூ கம்பெனியில் வருஷக்கணக்காகத் தையல் மிஷின் முன்னால் குனிந்தே இருந்த ஓர் அம்மா வந்தார். மார்பில் சிகிச்சை, கை தலைக்கு மேலே போக வேண்டும். தோள் இறுகிப்போயிருந்தது. வசந்தி முழங்கைக்கு அடியில் போர்வையை மடித்துக் கொடுத்து, “நீங்க தூக்காதீங்கம்மா, வெயிட்ட என் கைல உடுங்க” என்றாள். பிறகு, “உங்க சூப்பர்வைசர் ரொம்ப பேஜாரா?” என்று கேட்டாள். அம்மா திட்டத் தொடங்கினார். திட்டி முடிப்பதற்குள் கை மேலே வந்திருந்தது.

வலிக்கிறதா என்று கேட்டால் நம் ஜனங்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். வலிக்கிறதென்று சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவோமோ என்று பயம். வசந்தி அந்தப் பதிலைக் காதிலேயே வாங்கமாட்டாள். மேசையின் கடைசிக்குப் போய்க் கால் விரல்களைப் பார்ப்பாள். மடங்கியிருந்தால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். “வாய் இல்லன்னு சொல்லும். வெரலுக்கு நடிக்கத் தெரியாது” என்பாள்.

அதே புற்றுநோய் அவளுக்கும் வந்தது. முதுகெலும்பு வரை போன பிறகுதான் எங்களிடம் சொன்னாள், பாவி. அப்போதே அவளால் படுக்க முடியவில்லை. இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சிகிச்சை வலியைக் குறைக்கத்தான், குணமாக்க அல்ல என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கும் எங்கள் மேசையில் நேராகப் படுத்தே ஆக வேண்டும்.

நான்தான் படுக்க வைத்தேன். “வலிக்குதா?” என்று கேட்டேன்.

“இல்ல. மிஷினப் போடு.”

கால் பக்கம் போனேன். விரல்கள் அத்தனையும் மடங்கிக் கிடந்தன.

“எறங்கு” என்றேன்.

“வலிக்கலன்னு சொல்றேன்ல?”

“யார்கிட்டடி கதை உடற?”

அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். “நிறுத்திடாதடி. ஒரு ராத்திரி நீட்டிப் படுத்துத் தூங்கணும். அவ்ளோதான் எனக்கு” என்றாள்.

டாக்டரை வரவழைத்து வலிக்கு ஊசி போடச் சொன்னேன். அது வேலை செய்யும் வரை காத்திருந்தோம். முழங்காலுக்கு அடியில் தடித்த தலையணை வைத்து, இடுப்புக்குப் போர்வையை மடித்துக் கொடுத்து, புதிதாக அளந்து உடம்பில் கோடு போட்டோம். விரல்கள் தளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்து மிஷினைப் போட்டேன். கொஞ்ச நாளில் வலி மட்டுப்பட்டது. வீட்டில் படுக்கிறாள் என்று ராஜேந்திரன் போனில் சொன்னார்.

போன் வந்த அன்று மதியமே பஸ் பிடித்து ஆம்பூர் போனேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது. பேஷண்டின் வாயை நம்பாமல் காலைப் பார்க்கிற புத்தி அவளிடமிருந்து வந்தது; அது என்னோடு இருக்கும். ராஜேந்திரன் வாசலில் நின்று சொன்னதும் இருக்கும்.

“காலைல டீ போட்டு எடுத்துட்டுப் போனேன்க்கா. நல்லா நீட்டிப் படுத்துத் தூங்குது. எழுப்ப மனசு வரல. டீய மூடி வெச்சிட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.”