ஒற்றை நெல்லி

கல்யாணமான இரண்டாவது வருஷம் என் கணவர் மஸ்கட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போனார். கிளம்புவதற்கு முந்தின வாரம், கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஒட்டு நெல்லிக் கன்றை நட்டார்.

"மூணு வருசத்துல காய்க்கும் புள்ள. அதுக்குள்ள வந்துடுவேன்."

நம்பினேன். உப்புக்காற்றில் இலை கருகாமல் இருக்கக் கடல் பக்கம் ஓலைத் தட்டி கட்டினேன். அடியில் சருகு பரப்பி, வேர் காயாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் கிளையெல்லாம் பூ. படம் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்த பிறகுதான் லீவு தள்ளிப்போனதைச் சொன்னார். பூவும் மொத்தமாக உதிர்ந்துபோனது. அடுத்த வருஷமும் அப்படியே.

ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது ஒரு நர்சரியில் விசாரித்தேன். நர்சரிக்காரர் கேட்டார்.

"எத்தினி மரம் வெச்சிக்கீற?"

"ஒண்ணுதான்."

"அதாம்மா. நெல்லி ஒண்டியா நின்னா சரியா காய் புடிக்காது. வேற ரகம் ஒண்ணு பக்கத்துல வெய்யி. பூ வுடுற சமயத்துல தண்ணியக் கொறச்சிடு."

வேற ரகத்தில் ஒரு கன்று கேட்டேன். என்ன நினைத்தாரோ, கன்றைச் சாக்கில் பத்திரமாகச் சுற்றித் தந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அது பூக்க மூன்று வருஷமானது. இடையில் அவர் இரண்டு முறை வந்துபோனார், இரண்டும் கோடையில். போன கார்த்திகையில்தான் முதல் மரம் கிளை தாழக் காய்த்தது. சவுக்குக் கொம்புகளை முட்டுக் கொடுத்தேன்.

"ஜனவரில கண்டிப்பா வரேன். ஒரு கெளைய மட்டும் எனக்கு வுட்டு வெய்யி" என்றார்.

தெருவெல்லாம் காய் கொடுத்தேன். அவர் கிளையைத் தொடவில்லை. கிளி கொத்தாமல் பழைய மீன்வலையைப் போர்த்திவைத்தேன். ஜனவரி போனது. பிப்ரவரியில் காய்கள் மஞ்சளித்து வலைக்குள்ளேயே உதிர ஆரம்பித்தன. ஒரு சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டு மரத்தைக் காட்டினேன்.

"எப்ப வருவீங்க மச்சான்?"

"எனக்குப் பதிலா இன்னும் ஆள் கெடைக்கல." முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "ஒண்ணு தின்னு. நான் பாக்குறேன்."

கடித்தேன்.

"எப்பிடி கீது?"

"நாரா கீது."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. போனைச் சுவரில் சாய்த்துவிட்டு வலையை அவிழ்த்தேன். மிச்சக் காயைப் பறித்து முடிக்கும்வரை அவர் லைனிலேயே இருந்தார்.