ஒரு சைஸ் பெரிய காற்றுப் பை

குளிர்த் தண்ணீரில் முக்குளிக்கிறவர்களுக்குச் சாமான் விற்கிற தொழிலில், வாங்க வருகிறவர் என்னைச் சந்தேகிப்பார், நான் அவரைச் சந்தேகிப்பேன், இரண்டு பேரும் சிரித்த முகத்தோடுதான் நிற்போம். கடையில் ஒரு நாளாவது நின்று விற்றவர்களுக்கு என் பாடு புரியும். நான் வேலை செய்வது சூரிச்சுக்குப் பக்கத்தில், வின்டர்தூரில். அதிகம் விற்பது விங். முதுகுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டும் காற்றுப் பை அது. காற்றை அடித்தால் மேலே வரலாம், விட்டால் கீழே போகலாம். இதில் தெரிவு செய்ய என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யாருடைய ஈயம்

எங்கள் ஏரிகளின் அடியில் கோடையிலும் குளிர் விடாது. அதனால் தடித்த உள்ளுடுப்பு, அதன் மேல் தண்ணீர் புகாத ட்ரைசூட். அதற்குள் நிற்கும் காற்று ஆளைக் கீழே போகவிடாது என்பதால் ஈயம் கட்டித்தான் இறங்க வேண்டும். சூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அந்த மிதப்புப் போய் ஈயம் மட்டும் மிஞ்சும். அப்போது ஆளை மேலே கொண்டுவர விங்தான் கதி. ஆகவே, எவ்வளவு ஈயம் கட்டுகிறீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்கு உண்மையான பதில் வருவது அபூர்வம். குறைய ஈயம் கட்டுகிறவன் கெட்டிக்காரன் என்று இவர்களுக்குள் ஒரு பெருமை.

ஒருநாள் ஒரு வங்கிக்காரர் மனைவியோடு வந்து, தனக்கு ஈயம் பேருக்குத்தான் வேண்டும், ஆகச் சின்ன விங் போதும் என்றார். அவருடைய வயிற்றைப் பார்த்தேன், நம்பவில்லை. இன்னும் இரண்டு தரம் கேட்டேன். அதையே சொன்னார். அதுவரை கையுறைகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள். "அப்படியானால் ஒவ்வொரு ஞாயிறும் நான் காருக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஈயம் யாருடையது?"

பாவித்தது

இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தமிழர்கள் ஏரியில் இறங்குவார்களா என்று தொடங்கினார். இறங்குவோம் என்றேன். எந்த விங் போடுகிறாய் என்றார். கையில் இருந்ததைக் காட்டி, இதே மாதிரிதான் என்றேன். தையலை இழுத்துப் பார்த்தார், வால்வை முகர்ந்தும் பார்த்தார். அவர் என் பொருளைச் சந்தேகித்ததைப் பொறுத்துக்கொண்டேன். நான் தண்ணீரில் இறங்குகிறவன் என்பதையே அவர் நம்பவில்லை என்றுதான் எரிச்சல் வந்தது. கடைசியில் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அப்படியென்றால் நீங்கள் போடுகிறதை எனக்குத் தாருங்கள், புதியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

எங்கட ஆள்

டீட்டிகோனிலிருந்து சிவபாலன் அண்ணை மகளோடு வந்தார். களஞ்சியம் ஒன்றில் வேலை. மகள் ஆரணி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ட்ரைசூட் பழகி முடித்திருந்தாள். மகளுக்குப் பரிசாக விங் வாங்க வேண்டும், இருப்பதிலேயே பெரியது வேண்டும் என்றார். எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்கு எதையும் அளவாக வாங்குவதில்லை. சப்பாத்தும் பனிக்கால ஜாக்கெட்டும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வரும்.

இது வளர்ந்து நிரப்புகிற சாமான் இல்லை என்று விளக்கினேன். பை பெரிதானால் காற்று ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும், வெளியே விடுவது கடினம். மேலே வர வர அது விரியும், ஆளை இன்னும் வேகமாகத் தூக்கும். ஆழத்திலிருந்து அப்படி வந்தால் உடம்பு தாங்காது. அவளுடைய ஈயத்துக்கும் சிலிண்டருக்கும் நடுத்தரமானதே தாராளம் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் ஒரே விலை என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. துணி குறைந்தால் விலை ஏன் குறையவில்லை என்று கேட்டார். நான் சொன்ன எதுவும் அதற்குப் பிறகு ஏறவில்லை. வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீங்களும் எங்கட ஆள்தான் தம்பி. அதுதான் பயமாக்கிடக்கு."

பையோடு வந்தவர்

கொஞ்ச நாளில் அண்ணை மகளையும் கூட்டிக்கொண்டு பெரிய பை ஒன்றோடு திரும்பி வந்தார். பாவித்ததைக் கழுவிக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை நிறையக் கண்டவன் நான். ஆனால் அவர் என்னிடம் எதுவும் வாங்கவே இல்லையே என்று இன்னும் சந்தேகமாகப் பார்த்தேன். இணையத்தில் வாங்கிய, ஆகப் பெரிய விங் உள்ளே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை ஆழத்துக்குப் போகிறாளாம், அதை மாட்டித் தர வேண்டுமாம்.

நாளைக்கு ஏதும் நடந்தால் மாட்டியவன் நான்தானே என்று மனதில் ஓடியது. மாட்டாவிட்டால் வீடியோ பார்த்துத் தானே மாட்டிவிடுவார் என்றும் ஓடியது. அவர் காரை ஒதுக்கிவிடப் போன நேரம் ஆரணியிடம் கேட்டேன், இது கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தெரியும் அண்ணா. வேண்டாம் எண்டா இனி என்னை ஏரிப் பக்கமே விடமாட்டார்."

மேலே வருவது

மாட்டிக் கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. முதலில் கரையோரம், ஆழமில்லாத இடத்தில், என்னோடு இறங்க வேண்டும். சூரிச் ஏரிக்கரை மரத்துறையில் அண்ணை ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, கைபேசியில் என்னைப் படம் பிடித்தபடி நின்றார். என் சாமானை விற்க நான் ஏதும் செய்துவிடுவேன் என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது.

மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வா என்று சொல்லி, அவளுடைய தோள்பட்டியைப் பிடித்தபடி இறங்கினேன். விங்குக்குக் கொஞ்சம் காற்று அடித்தாள், பிறகு விடப் பார்த்தாள். ஒரு பக்கம் சுருங்கியது. மற்றப் பக்கத்து மடிப்பில் காற்று அப்படியே நின்றது. தடித்த கையுறையோடு காற்றை விடுகிற கயிற்றைத் தேடுவதற்குள் சரிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனாள். ஆழமில்லாததால் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் மேலே தள்ளினீர்களோ என்றுதான் அவர் முதலில் கேட்டார். ஆரணி முகமூடியைக் கழற்றிவிட்டு, அண்ணா கீழே இழுத்துத்தான் பிடித்தவர் என்றாள். அண்ணை கைபேசியைப் பைக்குள் போட்டார். துறைப் பலகையில் குந்தி இருந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேல வர ஏலாமல் போயிடுமோ எண்டுதான் தம்பி நான் பயந்தது. மேல வாறதுக்கும் பயப்பிடோணும் எண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

நான்தான் சொல்லியிருந்தேன், கடையில், அரை மணி நேரமாக. கடையில் காட்டிய அந்த நடுத்தர விங்கை என் காரிலிருந்து எடுத்துவந்து அவளுடைய சிலிண்டரில் மாட்டினேன். பட்டியை எடுத்து மகளின் தோளில் போடப் போனவர், பாதியில் நின்று என் பக்கம் நீட்டினார். "முதல்ல நீங்கள் போட்டுக்கொண்டு இறங்கி வாங்கோ. பிறகு பிள்ளை போகட்டும்."

இத்தனை நாள் தொழிலில் என் சொல்லை நம்பி ஒரு விங் வாங்கியவர் கிடையாது, நான் உயிரோடு மேலே வந்ததைப் பார்த்து வாங்கியவர்கள்தான் உண்டு.