துப்பறியும் கேக்கும் துக்க வீட்டு அடுப்பும்

கேக் சுடுகிறவளுக்கு மாவும் முட்டையும் பணிந்துவிடும், மனிதர்கள்தான் பணிய மாட்டார்கள். வீட்டிலேயே ஓவன் வைத்துப் பிழைக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டுமா?

கத்தி பட்ட இடம்

ஆங்கிலத்தில் ஒருவகைத் துப்பறியும் நாவல் உண்டு. சின்ன ஊர், ஒரு பேக்கரிக்காரி, அவள் கடை வாசலில் ஒரு பிணம். கொலையாளியை அவளே பிடிப்பாள். நடுநடுவே கேக் செய்முறையும் வரும். அவற்றைப் படித்துப் படித்து நானும் ஒரு கேக் கண்டுபிடித்தேன். நடுவில் குழி வெட்டி, பன்னீர் திராட்சையை ஏலக்காயோடு காய்ச்சி ஊற்றி, மேலே மூடிவிடுவேன். வெளியே பார்த்தால் சாது. கத்தி வைத்தால் சிவப்பாக வழியும்.

முதலில் வாங்கியவர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் முருகேசன். மனைவியின் பிறந்தநாளுக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் போன் வந்தது. "ஆத்தா, எங்க மாமியா கத்தியத் தூக்கி எறிஞ்சிட்டு சாமி ரூமுக்குள்ள ஓடிருச்சு. அடுத்த மாசம் எனக்குப் பொறந்தநாளு. இதே ரத்தக் கேக்குதான் வேணும்."

எண்ணெய்ச் சட்டி

என் கணவர் படுக்கையில் கிடந்தபோது அந்த நாவல்களை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். கடைசிக் கதையில் கொலையாளி யாரென்று தெரியாமலே போய்விட்டார். எங்கள் பக்கம் துக்க வீட்டில் ஒரு வருஷம் பலகாரம் சுடக் கூடாது. காரியம் முடிந்ததும் மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டான். அங்கே எனக்கு ஒரு கட்டில் உண்டு, வேலை கிடையாது. இங்கே அடுப்பு எரியும்வரைதான் இந்த வீட்டில் நான் இருக்க ஒரு காரணம் உண்டு. ஆகவே பற்றவைத்தேன்.

அனுமந்தன்பட்டியிலிருந்து நாத்தனார் பேச்சியம்மாள் வந்து இறங்கினாள். "என்ன மதினி செய்றீக? வாசம் தெருமுக்கு வரைக்கும் அடிக்குது. எங்கண்ணன் போயி இன்னும் ஈரம் காயல." சம்பிரதாயம் எண்ணெய்ச் சட்டியைத்தான் தடுக்கிறது, இங்கே எண்ணெயும் இல்லை சட்டியும் இல்லை என்றேன். அவள் ஓவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சட்டி எதுவா இருந்தா என்ன மதினி, ருசி பாக்குற நாக்கு ஒண்ணுதான?"

தட்டு திரும்ப

அவள் போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். துக்க வீட்டுக் கேக் வேண்டாம் என்று சிலர் ஆர்டரை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. வந்தவர்களுக்கு வாசலிலேயே அந்தத் துப்பறியும் கதையும் சொன்னேன். கேக் கொண்டுபோன தட்டு திரும்பி வந்தால்தான் கொலையாளி பெயர். தட்டுகளைத் தொலைத்துத் தொலைத்து நொந்தவர்களுக்கு இந்த உபாயத்தை இலவசமாகத் தருகிறேன். பண்ணைப்புரத்திலிருந்து வரும் நர்ஸ் செல்வி, கேக் தூள்கூட உதறாத தட்டோடு மறுநாளே மூச்சு வாங்க நின்றாள். "கழுவ நேரமில்ல ஆத்தா. விஷம் வச்சது பால்காரனா பங்காளியா, அத மட்டும் சொல்லுங்க, எனக்கு டூட்டி இருக்கு."

தீபாவளி

துக்கம் நடந்த வருஷத் தீபாவளிக்கு உறவுக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவருவார்கள். வாங்கிக்கொண்டு, பாத்திரத்தை வெறுமையாக அனுப்ப வேண்டும். பேச்சியம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொண்டுவந்தாள். என்னைப் பார்க்காமல் என் ஓவனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் வாளியைக் கழுவித் துடைத்து, அவள் கண் எதிரே இரண்டு துண்டு கேக் வைத்து மூடினேன். "வருசம் திரும்பாம இந்த வீட்டுல வெந்தது என் நாக்குல படாது. மாட்டுத் தொட்டியிலதான் போடுவேன்" என்றாள். "போடு, மாடாவது சாப்பிடட்டும்" என்றேன். பிறகு வாளியோடு போனாள். அன்று முழுக்க எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. இனி அவள் வரமாட்டாள், அவள் சொல்லை மீறி ஊரும் வராது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் போன். குரலில் கோபம் குறையவில்லை. "திராட்சக் கொட்டை ஒண்ணு கடவாப் பல்லுல மாட்டிக்கிட்டு உசிர வாங்குது மதினி. வடிகட்டி ஊத்த மாட்டீகளா?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். ஒரு துண்டு கேக் நுழையும் அளவுக்கு அது எப்போதும் திறந்தே கிடப்பது நல்லதுதான்.