இடப்பக்கச் செதில்

பொரித்த மீனாக இருந்தாலும் குருமூர்த்தி அண்ணை அதை இடப்பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்து, செதில் இருந்த தடங்களை எண்ணிவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஜேர்மனியின் கொலோன் நகரில் யார் வீட்டுப் பிறந்தநாளானாலும் இதே கூத்துத்தான். "எண்ணுறதெண்டால் இடப்பக்கம்தான். வலப்பக்கக் கணக்கை உலகத்தில ஒருத்தரும் ஏற்கமாட்டினம்" என்று விளக்கம் வேறு. கேட்டுக்கொண்டிருப்பவரின் சோறு ஆறிப்போகும்.

வயது அறுபத்திரண்டு. வேலை மருத்துவமனைச் சமையலறையில். வீட்டின் நிலக்கீழ் அறையில் பதினாறு தொட்டிகள். எல்லாம் ஆபிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்கள். ஏரி ஒன்றுதானாம், ஆனால் பாறைக்குப் பாறை வேறு இனமாம், ஒன்றையொன்று அண்டாதாம். கொலோன் தமிழ்ச் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை.

சனிக்கிழமைகளில் ஓர் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் மீன் எண்ணப் போவார். அங்குள்ள ஆய்வாளர் நடாலி இவரைச் சுருக்கமாக "குரு" என்று கூப்பிடுகிறார். "டொக்டர் அம்மாவே என்னைக் குரு எண்டுதான் சொல்லுறவ" என்று அண்ணை அதற்கு அர்த்தம் சொல்லித் திரிவார்.

ஆறு வருடத்துக்கு முன், அங்கே பதப்படுத்தி வைத்திருந்த ஒரு பழைய போத்தல் மீனில் அவருக்கு அதிட்டம் அடித்தது. முப்பது செதில் இருக்கவேண்டிய மீனுக்கு முப்பத்து நாலு. புது இனம்! கட்டுரை எழுத நடாலி ஒப்புக்கொண்டார், மீனுக்கு அண்ணையின் பெயரையே வைப்பதாகவும் சொன்னார். தன் பெயரைத் தானே வைப்பது அந்தத் துறையில் மரியாதையில்லையாம். அன்றிலிருந்து மனிதரோடு பேச முடிந்ததா? அவருடைய அப்பா சின்னத்தம்பி, மகன் போத்தலில் வளர்த்த மீன்களை வாய்க்காலில் கொட்டியவர். "மீன் பாத்தவன் எவன்ரா உருப்பட்டவன்?" என்று கேட்டவர். அந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லி, "உலகம் அழியுமட்டும் என்ரை பேர் நிக்கும். இப்ப வந்து கேக்கட்டும் பாப்பம்!" என்று முடிப்பார்.

நண்பர் மரியரட்ணம் தன் பெயரைச் சான்றிதழில் பிழையாக அடித்துவிட்டார்கள் என்று ஒருநாள் புலம்பினார். அண்ணை விட்டாரா? "அன்ட்ராக் படிவம் நிரப்பேக்கை கண்ணை எங்கை வச்சிருந்தனீர்? அச்சில ஏறின பேரை ஆராலும் இறக்கேலாது, ஐசே."

போன மாதம் கட்டுரை வந்தது. மீனின் லத்தீன் பெயரில் பின்பாதி "சின்னத்தம்பியி", அதாவது சின்னத்தம்பியினுடையது.

நடாலிமேல் பிழையில்லை. வழக்கப்படி குடும்பப் பெயரை எடுத்திருக்கிறார். பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி அகதி விண்ணப்பம் எழுதியபோது, அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரைத் தன் கையாலேயே நிரப்பியவர் அண்ணைதான்.

"பேர் வெளியாலயே போட்டுது? மாமாட்டைத்தானே போயிருக்கு" என்று மனைவி பவளம் அக்கா சிரித்தார். மரியரட்ணம் தொலைபேசியில், "அச்சில ஏறிட்டுதோ, அண்ணை?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாராம். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆறு வருட உழைப்பை நினைக்கப் பாவமாகவும் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பெயரை மாற்றித் தரும்படி அண்ணை கேட்டதற்கு, ஏலாது என்றார் நடாலி. ஒரே வழிதான் உண்டு: இது புது இனமே இல்லை, பழைய முப்பது செதில் மீன்தான் என்று யாராவது நிரூபித்தால், புதுப்பெயர் தானாகச் செத்துவிடும்.

சென்ற சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அண்ணை அந்த மீனைப் போத்தலிலிருந்து எடுத்துத் தட்டில் கிடத்தி, ஊசி முனையால் ஒவ்வொரு செதிலாகத் தொட்டு எண்ணினார். முப்பத்து நாலு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். முப்பத்து நாலு. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீனை மெல்ல வலப்பக்கம் புரட்டினார்.