பாறையைச் சுரண்டினால் கல்பாசியா?

கோபமாக இருக்கிறேன். இந்த வாரம் சிரிக்க வைப்பேன் என்று யாரும் எதிர்பார்க்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சபூரா போன் செய்தார். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுப்பவர். "அண்ணே, அந்தப் பாறைக்குக் கொஞ்சம் வாரீகளா?" — குரல் சரியில்லை. பைக்கை எடுத்தேன்.

பிள்ளையார்பட்டி போகிற வழியில் ரோட்டை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை. அதில் தீய்ந்த தோசையின் ஓரம் மாதிரி கருத்துப்போய் ஒட்டியிருப்பதற்கு லைக்கன் என்று பெயர். பூஞ்சையும் நீலப்பச்சைப்பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். இந்தப் பாறையில் இருப்பது பெல்டுலா குடும்பம். செதிலாக எழும்பும் இனம் ஒன்று, கல்லோடு கல்லாய்ப் படியும் இனம் ஒன்று. நம் ஊர் வெயிலில் காய்ந்து கருகிக் கிடக்கும். மழை விழுந்தால் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் சபூரா சொல்லித் தெரிந்ததுதான்.

அதில் ஒரு திட்டு எவ்வளவு வளர்கிறது என்று, மகளை எல்கேஜியில் சேர்த்த வருடத்திலிருந்து அளந்து வருகிறார். மகள் இப்போது ப்ளஸ் டூ. திட்டு கூடியது என்னவோ நகக்கண் அளவுதான்... அவ்வளவு நிதானம்.

அந்தத் திட்டைக் காணோம். கத்தி கீறிய வெள்ளைக் கோடுகள் மட்டும். சபூரா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே அழுதார்.

யார் பார்த்த வேலை? பக்கத்துப் பெட்டிக்கடையில் சொன்னார்கள் — ஒரு ஹெரிடேஜ் ஹோட்டலின் சமையல் வகுப்பாம். வெளியூர் விருந்தாளிகள் வேனில் வந்து, 'ஒரிஜினல் செட்டிநாட்டுக் கல்பாசி'யைத் தாங்களே சுரண்டினார்களாம்.

நேரே ஹோட்டலுக்குப் போனோம். மேனேஜர் உள்ளூர்க்காரர். காபியெல்லாம் வந்தது.

"செட்டிநாட்டுச் சமையலுக்குள்ள கல்பாசி செட்டிநாட்டுலதானே இருக்கும்? இதுல என்ன தப்புங்கிறீக?"

"கல்பாசியும் லைக்கன்தான். ஆனா அது குளிர் மலையில வளர்றது, வேற குடும்பம். இது திங்கிற பொருளே இல்ல" என்றார் சபூரா.

ஏன் சார், அன்னாசிப்பூ காரைக்குடியிலா பூக்கிறது? பட்டையைத் தேவகோட்டையிலா உரிக்கிறார்கள்? கப்பலேறிப் போன மனிதர்கள் ஊர் ஊராக வாங்கி வந்து மணக்க வைத்த சமையல் இது. அதைச் சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? எல்லாவற்றுக்கும் 'ஒரிஜினல்' போர்டு மாட்டுகிற வியாதி, கடைசியில் வெறும் கல்லைக்கூட விட்டுவைக்கவில்லை.

மேனேஜர் சமாதானத்துக்கு வந்தார். "மேடம், வருத்தப்படாதீக. ஆள் விட்டு, அங்குட்டு இருக்கிற பாசியை எடுத்து இங்குட்டு ஒட்ட வச்சுருவோம்." சபூரா காபியைத் தள்ளி வைத்தார்.

"அதைப் போட்டுத்தான் குழம்பு வச்சீகளா?" என்று கேட்டேன்.

"சேச்சே... ஒரே தூசியால்ல இருந்துச்சு. போட்டோ எடுத்ததும் குப்பையில கொட்டிட்டோம்ணே. குழம்புக்குக் கடைப் பாக்கெட்டுதான்."

ஒரு போட்டோவுக்காக, ஐயா... ஒரே ஒரு போட்டோவுக்காக.