ரெஜினா கேட்ட சமையலறை

"தொட்டில் கொக்கியெல்லாம் வேணாம் மேடம். புள்ள எங்க வூட்டுலதான் வளரப்போவுது."

லூர்து மேரி அம்மா இதைச் சொன்னபோது அவருடைய மருமகள் ரெஜினா ஒரு டைல்ஸைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் மாமியாரின் உதட்டசைவு அவளுக்குப் புரிந்துவிட்டது. டைல்ஸை மெதுவாக ராக்கில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஷோரூமில் நடந்தது இது. அதற்கு முன் விழுப்புரத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் பல வருஷம் பிளான் வரைந்தேன். இங்கே லேஅவுட் சொல்வதுதான் வேலை. கட்டிலை எங்கே போடலாம், ஃப்ரிட்ஜை எங்கே வைக்கலாம் என்று டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். வீட்டுக்கே போய்ப் பார்த்தும் சொல்வேன். புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்களிடம் நான் அடிக்கடி சொல்வது ரெஜினா வீட்டுக் கதைதான்.

ரெஜினாவின் கணவர் சார்லஸ் வேன் டிரைவர். காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் சங்கடமாக நெளிந்துகொண்டிருந்தார். "அம்மா பெருமுக்கல்ல இருக்காங்க மேடம். நாங்க ரெண்டு பேரும் இங்க டவுன்ல. நான் வண்டிக்குப் போயிட்டா வூட்டுல இது மட்டும்தான். அதான் அம்மா பயப்படுறாங்க."

"பயப்படாம? இது அடுப்பாண்ட நின்னுக்கினு இருக்கும், புள்ள ரூம்ல கத்திக்கினு கெடக்கும். யாரு பாக்கறது?" என்றார் லூர்து மேரி. கோபமாகச் சொல்லவில்லை. நிஜமான பயம் அது.

அவர்கள் கேட்டது சமையலறைக்கு டைல்ஸும் கப்போர்டும் மட்டும். "வீட்டைப் பார்க்காமல் கப்போர்டு அளவு சொல்ல முடியாது" என்று சொல்லி மறுநாள் போனேன். அளவு ஒரு சாக்குதான்.

வீடு

பழைய தளம் போட்ட வீடு. தெருக்கதவைத் திறந்தால் ஹால், வலது பக்கம் படுக்கையறை, ஹாலுக்குப் பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துணி துவைக்கிற இடம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒன்பது இஞ்ச் சுவர், ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. அடுப்பு பின்சுவரை ஒட்டி இருந்தது. அங்கே நின்று சமைத்தால் மொத்த வீடும் முதுகுக்குப் பின்னால்தான்.

டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது ரெஜினா என் தோளைத் தொட்டாள். போனில் டைப் பண்ணிக் காட்டினாள்.

'அக்கா, எனக்குக் காது கேட்காது. கண் நல்லாத் தெரியும். நான் எங்க நின்னாலும் குழந்தை தெரியற மாதிரி பண்ண முடியுமா?'

இத்தனை வருஷத்தில் எந்த கஸ்டமரும் தனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக என்னிடம் சொன்னதில்லை.

கப்போர்டு பேச்சை அப்படியே விட்டுவிட்டோம். ஒரு தலையணையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தோம். அதுதான் குழந்தை. ரெஜினா அடுப்பின் முன் நின்றாள், ஹாலில் இருந்த தையல் மிஷினில் உட்கார்ந்தாள், துவைக்கிற கல்லுக்குப் போனாள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் தலையணை தெரிகிறதா என்று கையால் கேட்டேன். எங்கிருந்தும் தெரியவில்லை என்றே தலையாட்டினாள். அவள் நின்ற இடத்திலிருந்தெல்லாம் தலையணையை நோக்கி சாக்பீஸால் கோடு போட்டேன். எந்தச் சுவர் மறைக்கிறது என்பது தரையிலேயே தெரிந்தது.

சுவர்

கோவிந்தன் மேஸ்திரி கெடாரிலிருந்து வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "முழுசா எடுக்க முடியாதும்மா. மேல ஸ்லாபு இதுமேலதான் ஒக்காந்துகினு இருக்கு. மேல தாங்குறதுக்கு லிண்டல் போட்டு நடுவுல அகலமா ஓப்பனிங் எடுத்துக்கலாம்."

அது போதும். ஓப்பனிங்குக்குக் கீழே கடப்பா கல் மேடை, அதன் மேல் அடுப்பு. ரெஜினா இனி ஹாலைப் பார்த்து நின்று சமைப்பாள். ஹால் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் திறக்க முடியாத ஒரு கண்ணாடி ஜன்னல், தொட்டில் அதற்கு நேராக. சமையலறையிலிருந்து பார்த்தால் ஓப்பனிங், ஹால், ஜன்னல், தொட்டில் என்று ஒரே பார்வையில் போய்ச் சேரும். தையல் மிஷினை ஹாலில் எதிர்ச்சுவருக்கு மாற்றினோம்.

துவைக்கிற இடத்துக்கு மட்டும் பார்வை எட்டவில்லை. அதற்கு எலக்ட்ரீஷியன் ஒரு வழி சொன்னார். தொட்டில் பக்கத்தில் ஒரு சவுண்ட் சென்சார், அது சத்தம் கேட்டால் பின்பக்கம் ஒரு சிவப்பு பல்பும் சமையலறையில் ஒன்றும் எரியும். முதலில் தெருவில் போகிற பைக் ஹாரனுக்கெல்லாம் எரிந்தது. "பேஜாரா போச்சு மேடம்" என்று அலுத்துக்கொண்டே அவர் அதை இடம் மாற்றி, செட்டிங் மாற்றி, தொட்டிலருகே கத்தினால் மட்டும் எரிகிற மாதிரி செய்தார். கத்திக் காட்டியது சார்லஸ். குழந்தை மாதிரி அவர் அழுததைப் பார்த்து ரெஜினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லூர்து மேரிக்கு எதுவும் பிடிக்கவில்லை. "வர்றவங்க போறவங்க கண்ணுலயா சமையக்கட்டு தெரியணும்? தாளிக்கிற பொகையெல்லாம் ஹாலுக்கு வராதா?" புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். "என்னா பண்ணாலும் புள்ள பெருமுக்கல்லுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மிக்சி

குழந்தை பிறந்து, ரெஜினா தாய்வீட்டிலிருந்து திரும்பிய பிறகு கப்போர்டு கதவு ஒன்று சரியாக மூடவில்லை என்று சார்லஸ் கூப்பிட்டார். போனேன். லூர்து மேரி வந்திருந்தார். பேத்தியை அழைத்துப்போக பையெல்லாம் கட்டித் தயாராக இருந்தது. ரெஜினா முகம் வாடியிருந்தது. துணியை வாரிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

லூர்து மேரி சமையலறையில் சட்னிக்கு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கீல் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். திடீரென்று ரெஜினா ஈரக்கையோடு எங்களைத் தாண்டி ஓடினாள். என்னவோ ஏதோ என்று பதறி லூர்து மேரி மிக்சியை நிறுத்தினார். அப்போதுதான் குழந்தை அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எங்கள் தலைக்கு மேலேயே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஓப்பனிங் வழியாகப் பார்த்தோம். ஹாலுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், ரெஜினா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே எங்களைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையசைத்தாள்.

லூர்து மேரி தலைக்கு மேலே இருந்த பல்பை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்குக் கேக்கல பாரு. அவ போயிட்டா."

மத்தியானம் சார்லஸ் வண்டியை வாசலில் நிறுத்தி, "கெளம்பலாமாம்மா?" என்றார்.

"நான் மட்டும் போறேன். புள்ள அதோட அம்மாகிட்டயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரும்போது வந்து பாத்துக்கறேன்." ரெஜினா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று சார்லஸ் பக்கம் திரும்பினாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். குழந்தையை மாமியார் மடியில் வைத்துவிட்டு, கட்டி வைத்திருந்த பையை அவளே பிரித்தாள்.

அதற்குப் பிறகு ரெஜினாவின் காது கேட்காத தோழிகள் விழுப்புரத்திலிருந்தெல்லாம் ஷோரூமுக்கு வருகிறார்கள். கணவன் மனைவி இருவருக்குமே கேட்காத வீடு ஒன்றின் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கையால் பேச நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். தப்பாகக் காட்டினால் சிரிப்பார்கள், திருத்துவார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டேப்பை எடுப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அவர் நிற்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள். எந்தச் சுவரை எடுக்க வேண்டும் என்பது அங்கிருந்து தெரியும்.